சூரியனோட காந்தப்புலத்தை தரையில இருந்தே அளக்கிறது எப்படி?

கேள்வி: சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரத்துல இருக்கு. அப்புறம் எப்படி இந்த சூரியப்புள்ளில (சூரியன் மேல தெரியற கருப்பு திட்டு) இத்தனை காஸ்னு (காந்தப்புலத்தோட பலத்தை சொல்ற அலகு) அடிச்சு சொல்றாங்க?

பதில்: வர்ற வெளிச்சத்தை வெச்சுதாங்க. காந்தப்புலம் இருக்கிற இடத்துல அணு வெளியிடற, உறிஞ்சற நிறமாலைக் கோடு (வெளிச்சத்தை நிறம் நிறமா பிரிச்சா ஒரு குறிப்பிட்ட அலைநீளத்துல தெரியற கோடு) பிரியும்னு 1896-ல பீட்டர் ஜீமன் ஆய்வுக்கூடத்துல கண்டுபிடிச்சார். 1908-ல ஜார்ஜ் எல்லரி ஹேல் அமெரிக்காவோட மவுண்ட் வில்சன் ஆய்வகத்துல சூரியப்புள்ளிய பார்த்தப்போ அதே பிரிவு அங்கயும் இருந்துச்சு, பூமிக்கு வெளியே ஒரு காந்தப்புலம் இருக்குன்னு மனுஷனுக்கு தெரிஞ்சது அப்பதான். பெரிய புள்ளிகள்ல 3,000 காஸ் வரைக்கும் போகும், நம்ம பூமியோடது சுமாரா அரை காஸ்தான்.

இரும்பு அணுவோட 6302.5 ஆங்ஸ்ட்ராம் (அலைநீளத்தை சொல்ற ரொம்ப சின்ன அலகு) கோட்டை எடுத்துக்கோங்க. 3,000 காஸ்னா ரெண்டு பக்கமும் தலா 0.14 ஆங்ஸ்ட்ராம் நகரும், பிரிஞ்சது நல்லாவே தெரியும். ஆனா 10 காஸ்னா 0.0005 கூட நகராது, கோட்டோட அகலமே 0.1 ஆங்ஸ்ட்ராம் கிட்ட இருக்கறதால அதுக்குள்ளயே அமுங்கிடும். இங்கதான் போலரிமெட்ரி வேணும், அதாவது வெளிச்ச அலை எந்தத் திசையில அதிருதுங்கறதை (போலரைசேஷன்) அளக்கிற முறை. புலம் நம்மள பார்த்து இருந்தா பிரிஞ்ச ஒரு பக்கம் வலஞ்சுழியா, இன்னொண்ணு இடஞ்சுழியா போலரைஸ் ஆகி வரும், ரெண்டையும் தனித்தனியா பதிவு பண்ணி ஒண்ணுல இருந்து இன்னொண்ண கழிச்சா மத்த வெளிச்சமெல்லாம் போய் காந்தப்புலத்தோட சிக்னல் மட்டும் மிஞ்சும். புலம் குறுக்கா இருந்தா நேர்கோட்டு போலரைசேஷன் வரும், அது ரொம்ப பலவீனம், அதுலயும் புலம் இடப்பக்கம் போகுதா வலப்பக்கமான்னு அந்த சிக்னலை மட்டும் வெச்சு பிரிச்சு சொல்ல முடியாது, இந்த தலைவலி இன்னும் இருக்கு.

கேள்வி: சூரியனை பார்க்க எதுக்கு 4 மீட்டர் கண்ணாடி? வெளிச்சத்துக்கு அங்க என்ன பஞ்சம்?

பதில்: நிஜமாவே பஞ்சம்தாங்க! இந்த போலரைசேஷன் சிக்னல் மொத்த வெளிச்சத்துல ரொம்ப சின்ன பங்கு. 10,000-ல ஒரு பங்கு சிக்னலை பிடிக்கணும்னா கிட்டத்தட்ட 10 கோடி ஃபோட்டான் (ஒளித்துகள்) சேரணும், அதுவும் ஒவ்வொரு குட்டி இடத்துக்கும், ஒவ்வொரு அலைநீளத் துண்டுக்கும். கண்ணாடிய பெருசாக்கினா இன்னும் பொடிசான இடம் தெரியும், ஆனா அந்த இடம் சின்னதாயிட்டதால அதுல இருந்து வர்ற ஃபோட்டான் கணக்கு ஏறாது, அந்த பொடி இடம் சில நொடில மாறியும் போயிடும். ஹவாய்ல ஹலேயகலா மலை மேல இருக்கற 4 மீட்டர் இனோயே டெலஸ்கோப்புக்கு 20, 30 கிலோமீட்டர் அளவு நுணுக்கம் வரைக்கும் தெரியும், ஆனா அதுவும் இந்த கணக்குல இருந்து தப்ப முடியாது.

தரையில இன்னொரு சிக்கல் காத்து. வலஞ்சுழி படம் எடுத்து, அடுத்து இடஞ்சுழி எடுக்கறதுக்குள்ள படம் லேசா நடுங்கிட்டா, கழிக்கும்போது இல்லாத காந்தப்புலம் முளைச்சிடும். அதனால ரெண்டையும் ஒரே நேரத்துல ரெண்டு கதிரா பிரிச்சு, மாடுலேட்டரையும் (எந்த போலரைசேஷன் பதிவாகணும்னு மாத்தி மாத்தி விடற கருவி) வேகமா ஓட்டி எடுப்பாங்க. போதாததுக்கு டெலஸ்கோப் கண்ணாடியே வெளிச்சத்தை போலரைஸ் பண்ணும், அதை அளந்து கழிக்கலேன்னா வந்த எண்ணை நம்பவே கூடாது, என்னைக் கேட்டா இந்த கேலிப்ரேஷன்தான் முக்காவாசி வேலை.

சாட்டிலைட்டுக்கு காத்து தொல்லை கிடையாது, ஆனா ஜப்பானோட சூரிய ஆய்வு சாட்டிலைட் ஹினோடேல இருக்கிற கண்ணாடி 50 சென்டிமீட்டர்தான். சூரியனோட வெளி வளிமண்டலமான கரோனா பக்கம் போனா புலம் சில காஸ், வெளிச்சமோ சூரிய வட்டத்துல லட்சத்துல ஒரு பங்கைவிட கம்மி, அங்க பெரிய கண்ணாடியும் 10,747 ஆங்ஸ்ட்ராம் அகச்சிவப்பு இரும்புக் கோடும்தான் கை கொடுக்கும். இனோயே 2024-ல கரோனாவோட காந்தப்புல வரைபடம் வெளியிட்டது அப்படித்தான்.