அப்பாவுக்கு விளங்காது என்று யார் சொன்னது?

கேள்வி: கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலில் நாலு வருடச் சிறப்புப் பட்டம் முடித்திருக்கிறேன். குவாண்டம் தகவல், குவாண்டம் கணிப்பு என்ற துறையில் மேற்படிப்புப் படிக்க ஆசை. இங்கிலாந்தில் ஒரு வருட மாஸ்டர்ஸுக்கு இடம் கிடைத்துள்ளது. கட்டணம் மட்டும் 30,000 பவுண். கோண்டாவிலில் அம்மாவின் சீதனக் காணி நாலு பரப்பு இருக்கிறது, விற்கலாம் என்கிறார் அப்பா. (அவர் செட்டியார் தெருவில் நகைக்கடையில் வேலை செய்கிறார். அவருக்கு இதெல்லாம் விளங்காது என்பதால் ஏஐ படிக்கப் போவதாகத்தான் சொல்லியிருக்கிறேன்.) தங்கை ஏ.எல். எழுதவிருக்கிறாள். என் கணிதம் போதுமா? வேலை கிடைக்குமா? போகலாமா?
- வெள்ளவத்தை வாசகர்

பதில்: தம்பி, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர். அடைப்புக்குறிக்குள் போட்ட அந்த இரண்டு வரியைத் தாண்டி என்னால் வர முடியவில்லை.

ஏஐ என்றால் அப்பா தலையாட்டுவார், சொந்தக்காரரிடம் பெருமையாகச் சொல்வார், காணியும் கைமாறும். இதுதானே உம்முடைய கணக்கு? உறுதியில் கையெழுத்து வைக்கப்போகிறவர் அம்மா. நொத்தாரிசுக்கு முன்னால் பேனாவை எடுக்கும்போது எதற்காக விற்கிறோம் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. ஒரு தரகர் இதைச் செய்தால் என்ன பெயர் வைப்பீர்? பெற்ற பிள்ளை செய்தால் மட்டும் பெயர் மாறிவிடுமா?

அப்புறம், அவருக்கு விளங்காது என்று எப்படி முடிவுகட்டினீர்? சொல்லிப் பார்த்ததாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. உரைகல் தெரிந்த மனிதர் அவர். மாற்றுப் பார்க்க வேண்டுமென்றால் பொன்னைக் கல்லில் உரைக்க வேண்டும், உரைத்தால் துளியாவது கல்லோடு போய்விடும். (இப்போது அதற்கும் மெஷின் வந்துவிட்டது, சரி. உம்முடைய அப்பாவுக்குக் கல்லும் தெரிந்திருக்கும்.) அணு, ஒளித்துகள் போன்றவற்றின் குவாண்டம் நிலையை அங்கேயிருந்து தொடங்கலாம். என்னவென்று தெரியாத நிலை ஒன்றை அளந்தால் பொதுவாக அது கலைந்துவிடும். நகல் எடுத்து வைத்துக்கொண்டு நகலை அளக்கலாமே என்று அப்பா கேட்பார், கேட்கட்டும். தெரியாத நிலையைப் பிசகில்லாமல் நகலெடுக்கவே முடியாது என்று 1982இல் நிறுவிவிட்டார்கள். பெனட், பிராசார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1984இல், செய்திகளைப் பூட்டித் திறக்கும் இரகசியத் திறப்பைப் பரிமாறும் முறையை வகுத்தது இந்த இயல்பை வைத்துத்தான். நடுவில் ஒருவன் ஒட்டுக்கேட்டால் அவன் கைபட்டது பிழைகளாக வெளியே தெரிந்துவிடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரத்தில் சொல்லி முடிக்கலாம். உம்மால் சொல்ல முடியவில்லையென்றால், விளங்காதது அப்பாவுக்கல்ல.

கணிதம் போதுமா என்பதையும் இப்படியே சோதித்துப் பாரும். இரண்டு கியூபிட் (குவாண்டம் தகவலின் அலகு) பின்னிப் பிணைந்த பெல் நிலை ஒன்றை எழுதி, ஒரு கியூபிட்டை விட்டுவிட்டு மற்றதன் டென்சிட்டி மேட்ரிக்ஸை, அதாவது அதன் நிலையைச் சொல்லும் எண் அட்டவணையை, புத்தகம் திறக்காமல் எடும். அலகு மேட்ரிக்ஸின் பாதி வர வேண்டும். சோடியைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தும் தனி ஒன்றைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் போவது எப்படி என்று வாயாலும் சொல்லும். இரண்டும் வந்தால் தொடங்கப் போதும். வராவிட்டால், அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிரெஸ்கில் நடத்திய பாடத்தின் குறிப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. கணக்குகளைக் கையால் செய்யும். வீடியோ பார்த்துவிட்டுப் படித்தாயிற்று என்று சொல்ல வேண்டாம்.

வேலை? கொழும்பில் இந்தப் பெயரில் வேலையை எதிர்பார்க்க வேண்டாம். குவாண்டம் கணினியால் பெரிய எண்களைக் காரணிப்படுத்தும் வழியை ஷோர் என்ற கணிதவியலாளர் 1994இல் காட்டியதால், அந்தக் கணக்கின் கடினத்தை நம்பியிருக்கும் இன்றைய இணையப் பூட்டுகளை மாற்ற வேண்டியிருக்கிறது. புதிய முறைகளுக்கான நியமங்களை அமெரிக்கா 2024இல் வெளியிட்டது. வங்கிகளுக்கு அதில் வேலை இருக்கும், ஆனால் அந்த முறைகள் சாதாரணக் கணினியில்தான் ஓடும்.

இனிக் காணி. பிள்ளையின் படிப்புக்குக் காணி விற்பதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் சனத்தில் பாதிப் பேர் அப்படித்தான் படித்தார்கள். சீதன வழக்கத்தில் எனக்கு மரியாதை கிடையாது. ஆனாலும் தாய்வழி வந்த சொத்தில், மகளை ஒரு வார்த்தை கேட்காமல் மகன் கைவைப்பது எனக்குப் பிடிக்காது. உம்முடைய கடிதத்தில் தங்கை பரீட்சை எழுதப்போவதோடு முடிந்துவிட்டாள். அவளுக்கும் அடுத்த வருடம் ஓர் ஆசை வரும், அப்போது விற்க என்ன இருக்கும்?

அதோடு, இந்தத் துறைக்குச் சொந்தக் காசில் போவது ஒரே வழியுமல்ல. அமெரிக்காவில் பௌதிகவியல் பிஎச்டிக்கு உம்முடைய பட்டத்தோடு நேரடியாக விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் பெரும்பாலும் கட்டணத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், கற்பித்தலுக்கோ ஆய்வுக்கோ மாதச் செலவுக்கும் தருவார்கள். விண்ணப்பத் திகதி அநேகமாக டிசம்பர், ஜனவரி. கனடாவில் வாட்டர்லூவிலும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்றே ஆய்வு நிறுவனங்கள் உண்டு, முன்னது 2002இலும் பின்னது 2007இலும் தொடங்கியவை. போட்டி கடுமை, ஒரு வருடம் காத்திருக்க வேண்டியும் வரலாம். காத்திரும். அதுவரை ஏ.எல். பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுக்கலாம், வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள்.

போகலாமா என்று கேட்டீரே, வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரையும் இருத்தி, படிக்கப்போவது என்ன, வேலை எங்கே, காசு எவ்வளவு என்று உள்ளபடி சொல்லும். ஏஐ என்று சொன்னது பொய் என்பதையும் உம்முடைய வாயாலேயே சொல்லும். அப்பா கத்துவார். கத்தி முடிந்த பிறகும் விற்கலாம் என்று அவர்கள் சொன்னால் அது அவர்கள் எடுத்த முடிவு. அதுவரை டெபாசிட் என்று ஒரு சதமும் கட்டக் கூடாது. இடத்தை ஒரு வருடம் தள்ளிவைப்பார்களா என்று இங்கிலாந்துக்கு இன்றே எழுதிக் கேளும். மாட்டோம் என்றால் டிசம்பர் விண்ணப்பங்களில் இறங்கும்.