ஊசி போட்டு வலி போயிற்று, இனி நிறுத்தலாமா?

முடக்குவாதத்துக்குப் போடும் பயாலாஜிக் ஊசிகள் (மூட்டைத் தாக்கும் நோய் எதிர்ப்பைத் தணிக்கும் புரத மருந்துகள்) பற்றி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, முன்பு பால்மரம் வெட்டியவர். ஒன்றரை ஆண்டாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடாலிமுமாப் ஊசியும், வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் எடுக்கிறார். இப்போது வீக்கமும் வலியும் இல்லை. "அதான் சரியாப் போச்சே, இன்னும் எதுக்கு ஊசி" என்கிறார். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறதாம், அதையும் விடப் பார்க்கிறார். நிறுத்தலாமா?

பதில்: இரண்டையும் தாமாக நிறுத்த வேண்டாம். நோய் அடங்கியிருக்கிறது, போய்விடவில்லை. 2013-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அடாலிமுமாப் போன்ற இன்னொரு ஊசியான எட்டனர்செப்ட்டால் நோய் தணிந்தவர்களை மூன்று பிரிவாக்கி ஓராண்டு கவனித்தார்கள். எல்லாருக்கும் மெத்தோட்ரெக்சேட் தொடர்ந்தது. வாரம் 50 மில்லிகிராம் போட்டுவந்தவர்களில் சுமார் 83 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்தே இருந்தது. 25 மில்லிகிராமாகக் குறைத்தவர்களில் 79 விழுக்காடு. ஊசியை நிறுத்தியவர்களில் 43 விழுக்காடுதான். குறைத்தவர்கள் தப்பித்தார்கள், நிறுத்தியவர்களில் பாதிக்கு மேல் மாட்டிக்கொண்டார்கள்.

ஆகவே குறைப்பதைப் பற்றிப் பேசலாம். முதலில் ஸ்டீராய்டு மாத்திரை முழுவதும் நின்றிருக்க வேண்டும். பிறகு நோய் முற்றாகத் தணிந்த நிலை குறைந்தது ஆறு மாதம் நீடிக்க வேண்டும். 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து, ரத்தச் சோதனையும் சேர்த்துப் போடும் டாஸ் 28 மதிப்பெண் 2.6-க்குக் கீழே இருந்தால் அந்த நிலை என்று பொருள். அதன்பின் சிறப்பு மருத்துவர் ஊசியின் இடைவெளியை இரண்டு வாரத்திலிருந்து மூன்று வாரமாக்கிப் பார்ப்பார். வீக்கம் திரும்பினால் பழைய இடைவெளிக்கே போக வேண்டும். பெரும்பாலோருக்கு மறுபடியும் அடங்கிவிடும்.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரை விஷயம் இதைவிட முக்கியம். ஊசி மருந்து ஒரு புரதம். உடம்பு அதை அந்நியமாகக் கண்டு எதிர்ப்பொருள் உண்டாக்கினால், நன்றாக வேலை செய்த ஊசி மெல்ல மெல்லப் பலனிழக்கும். மெத்தோட்ரெக்சேட் அந்த எதிர்ப்பைத் தணிக்கிறது. வயிறு புரட்டினால் இரவு உணவுக்குப் பின் சாப்பிடச் சொல்லுங்கள். ஃபோலிக் அமிலம் விடாமல் எடுக்கிறாரா என்றும் பாருங்கள். அப்படியும் முடியவில்லை என்றால் அளவைக் குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; அடாலிமுமாப்புக்குத் துணையாக வாரம் 10 மில்லிகிராமே பலருக்குப் போதும். வாரம் ஒருநாள் என்பதைத் தினமும் என்று எண்ணிச் சாப்பிட்டு ரத்த அணுக்கள் சரிந்து ஆபத்தானவர்கள் உண்டு. கிழமையை உறையின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் யாராக இருந்தாலும் சம்சு, கள் பக்கம் போகக்கூடாது. ஈரல் தாங்காது.

கேள்வி: ஈப்போவில் ஊசி வாங்கி பஸ்ஸில் வருகிறோம். சில தடவை போட்ட பிறகும் பலன் தெரிவதில்லை. மருந்து கெட்டுவிடுமா?

பதில்: கெடும். வெயிலைவிட ஐஸால் கெடுவதுதான் அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து இது. ஐஸ் கட்டியின்மேல் நேராக வைத்தால் உறைந்துவிடும். உறைந்தது மறுபடி இளகினாலும் போடக்கூடாது. ஐஸ் பொதியைத் துண்டில் சுற்றி, பெட்டியோடு மருந்தைத் தனியே பையில் வையுங்கள். வீட்டு ஐஸ் பெட்டியில் நடுத்தட்டுதான் இடம். பின்சுவரை ஒட்டினால் உறையும், கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடேறும். அடாலிமுமாப்பை 25 டிகிரிக்குள் 14 நாள் வெளியே வைக்கலாம் என்று தாளில் போட்டிருப்பார்கள். தகரக் கூரை வீட்டில் நடுப்பகலில் 25 டிகிரி ஏது? அதை நம்பாதீர்கள்.

போடும் நாளில் 15 முதல் 30 நிமிடம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். வெந்நீரில் போடாதீர்கள், குலுக்காதீர்கள். தொடையின் முன்பக்கம், அல்லது தொப்புளிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி வயிறு. போனமுறை குத்திய இடத்திலிருந்து 3 சென்டிமீட்டராவது விலகுங்கள். பேனா ஊசியில் பலர் தவறுவது ஒரே இடத்தில்: 'டிக்' என்றதும் எடுத்துவிடுகிறார்கள். அந்தச் சத்தம் மருந்து இறங்கத் தொடங்கியதற்கு. அழுத்தியபடி பத்து எண்ணுங்கள். எடுத்ததும் தோலில் மருந்து வழிந்தால் அன்றைய அளவு முழுதாகப் போகவில்லை. உங்களுக்குப் பலன் தெரியாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம், ஆனால் மறு ஊசி போட்டு ஈடுகட்டாதீர்கள். மருத்துவமனைக்கு போன் செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு ஊசி தொடங்கும் முன் காசநோய்ச் சோதனை என்று இழுத்தடிக்கிறார்கள். இருமல்கூட இல்லையே?

பதில்: இழுத்தடிப்பு அல்ல. காசநோய்க் கிருமி அறிகுறியே இல்லாமல் உடம்பில் தூங்கிக் கிடக்கும். டிஎன்எஃப் தடுப்பு ஊசி, அதாவது வீக்கத்தைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற பொருளைத் தடுக்கும் அடாலிமுமாப், எட்டனர்செப்ட் போன்றவை, அதை எழுப்பிவிடும். நெஞ்சு எக்ஸ்ரே, தோல் அல்லது ரத்தச் சோதனை, கூடவே ஹெப்படைட்டிஸ் பி, சி சோதனை அவசியம். தூங்கும் கிருமி தெரிந்தால் மாத்திரை தொடங்கிக் குறைந்தது ஒரு மாதம் கழித்துத்தான் வழக்கமாக ஊசி தொடங்கும். மாத்திரையை முடிவுவரை விடாதீர்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் காய்கறி போட்டிருக்கிறேன். ஊசி போடுகிறவர் மண்ணில் இறங்கலாமா?

பதில்: பூட்ஸும் கையுறையும் இருந்தால் இறங்கலாம். மலேசிய மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற கடும் தொற்றைத் தரும் கிருமி உண்டு. எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலும் உண்டு. காலில் வெட்டுக்காயம் இருந்தால் மழைநாளில் இறங்காதீர்கள். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் அடுத்த ஊசியை நிறுத்திவைத்து, அன்றே கிளினிக் போய் "நான் இந்த ஊசி போடுகிறேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். டோசிலிசுமாப் என்ற வேறு வகை ஊசி போடுகிறவர்களுக்குக் காய்ச்சலே சரியாகத் தெரியாது, ரத்தச் சோதனையில் தொற்றைக் காட்டும் சிஆர்பி அளவும் ஏறாது. அவர்கள் உடம்பு சோர்ந்தாலே போக வேண்டும்.

கேள்வி: நான்கு ஆண்டு நன்றாக இருந்த ஊசி இப்போது கேட்பதில்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் வலி எதனால் என்று பார்க்க வேண்டும். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, மூட்டு பஞ்சுபோல் வீக்கம் என்றால் முடக்குவாதம்தான். நடந்தால் வலி, உட்கார்ந்தால் குறைவு, வீக்கம் இல்லை என்றால் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம்; அதற்கு ஊசியை மாற்றிப் பயனில்லை. முடக்குவாதமே என்றால் வேறு வகை வேலை செய்யும் மருந்துக்கு மாறலாம்: ரிட்டுக்சிமாப், அபாட்டாசெப்ட், டோசிலிசுமாப். மாற்றினால் மூன்று மாதத்தில் ஓரளவு குணம் தெரிய வேண்டும். புகை பிடிப்பவரானால் அதையும் சொல்லுங்கள். டிஎன்எஃப் தடுப்பு ஊசிகள் அவர்களுக்குக் குறைவாகவே கேட்கும்.

கேள்வி: சந்தையில் விற்கும் மூட்டுவலி ஜாமு இரண்டே நாளில் வலியை எடுக்கிறதே?

பதில்: அதனால்தான் சந்தேகப்பட வேண்டும். இப்படிப்பட்ட சரக்கில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. டப்பாவில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இல்லை என்றால் வாங்காதீர்கள். ஏற்கெனவே பல வாரம் சாப்பிட்டவர் சட்டென விடாமல், டப்பாவோடு மருத்துவரைப் பாருங்கள்.