படிப்புக்கு நடுவே தினமும் கொஞ்சம் வரைந்தால் மனதுக்கு உண்மையிலேயே ஓய்வு கிடைக்குமா?

கிடைக்கும், அழகாக வரைந்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாவிட்டால். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேரை 45 நிமிடம் களிமண், மார்க்கர் பேனா, வெட்டி ஒட்டும் காகிதம் என்று விருப்பம்போல் விளையாடவிட்டார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்குக் கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. முன்அனுபவம் இல்லாதவர்களுக்கும்தான்.

தேர்வு நேரத்தில் 45 நிமிடத்துக்கு எங்கே போவது? எனக்குப் பத்து நிமிடமே போதுமாக இருந்தது. எழுதாத கையை மேசைமேல் வைத்து, அதை மட்டும் பார்த்து வரையுங்கள். தாளைப் பார்க்கக் கூடாது, அதிலிருந்து பேனாவை எடுக்கவும் கூடாது. கண் எறும்பு மாதிரி விரலோரம் ஊர, பேனாவும் அதே வேகத்தில் நகரட்டும். முடிவில் கட்டைவிரல் மணிக்கட்டில் முளைத்திருக்கும். சரி, சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் நகத்தோரத்துச் சின்ன மடிப்பை அன்றுதான் முதன்முதலாகக் கவனித்திருப்பீர்கள். அந்த நேரத்தில் நாளைய பாடம் நினைவுக்கே வந்திருக்காது.

அப்புறம், வரைந்ததைப் படமெடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பினால் இதுவும் மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும் வேலையாகிவிடும்.