பட்டினியும் வேண்டாம், தயிர்சாதமும் வேண்டாம்

தம்பி, லண்டன் ஹாரோவுக்கு வந்த சில மாதங்களிலேயே காப்பகத்திலிருந்து பூனையைத் தத்தெடுத்திருக்கிறீர்கள். துணிச்சல்தான். அங்கே கொடுத்துவந்த ஈர உணவை நிறுத்தி, மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரே நாளில் உலர் உணவுக்கு மாற்றினீர்கள், மறுநாளே வயிற்றுப்போக்கு. ஆனால் ஓடியாடுகிறது, பசியென்று கத்துகிறது. ஒரு நாள் பட்டினி போட்டுவிட்டுத் தயிர்சாதம் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

லங்கணம் பரம ஔஷதம் என்பது நமக்குச் சரி. பூனை ஓரிரு நாள் சாப்பிடாமல் இருந்தால், அதுவும் கொழுத்த பூனை என்றால், கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தயிர்சாதமும் உதவாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது. வெங்காயம், பூண்டு பட்ட எதுவும் அவற்றின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஊரில் பூனை மீன்குழம்புச் சோறு தின்று நன்றாகத்தானே இருந்தது என்பீர்கள். அது மீதி வயிற்றை எலியாலும் பல்லியாலும் நிரப்பிக்கொண்டது. உங்கள் அடுக்குமாடியில் அந்த வசதி இல்லை.

இன்றே பழைய உணவுக்குத் திரும்புங்கள். சிறிது சிறிதாக, நாளுக்கு நான்கு வேளை. தண்ணீரை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். மலம் கெட்டியாகி இரண்டு மூன்று நாள் நிலைத்த பிறகு புது உணவைத் தொடங்கலாம்: முதலில் கால் பங்கு, இரண்டு நாள் கழித்துப் பாதி, பிறகு முக்கால். முழுவதும் மாற 7 முதல் 10 நாள் ஆகும். நடுவில் மறுபடி இளகினால் ஒரு படி பின்வாங்குங்கள். உப்பில்லாமல் வேகவைத்த தோலில்லாக் கோழிக்கறி ஓரிரு நாளுக்குப் பரவாயில்லை. அதையே வழக்கமாக்கினால் டாரின் போன்ற சத்துகள் போதாமல் போகும். கடையில் வாங்கும்போது உறையில் 'கம்ப்ளீட்' என்றிருக்கிறதா என்று பாருங்கள். 'காம்ப்ளிமென்டரி' என்றால் அது முழு உணவு அல்ல, தொட்டுக்கொள்ளத்தான்.

உங்கள் மாத்திரைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையைக் கொல்லப் போதும்.

இனி பணம். இந்த ஊரில் நமக்கு என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவை இருக்கிறது, பூனைக்கு இல்லை. பி.டி.எஸ்.ஏ. போன்ற விலங்குகளுக்கான தொண்டு மருத்துவமனைகள் பெரும்பாலும் அரசு உதவித்தொகை பெறுவோருக்கானவை. உங்கள் விசாவில் அந்த உதவிக்கு வழியில்லை என்றிருந்தால் அவற்றை நம்பியிராதீர்கள். காப்பீடும் ஏற்கெனவே தொடங்கிய நோய்க்குப் பொதுவாகப் பணம் தராது. அதனால் அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். பகலில் அழைத்து, செவிலியரிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். இரவிலும் அவசர சிகிச்சை உண்டு. கட்டணம்தான் பகலைவிடப் பல மடங்காகும்.

இரண்டு நாளில் நிற்கவில்லை, இரத்தம் தெரிகிறது, திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பிட மறுத்துச் சுருண்டு கிடக்கிறது என்றால் கட்டணம் பார்க்காமல் கிளம்புங்கள். குட்டியாக இருந்தால் இரண்டு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அதன் உடலில் நீர் சட்டென்று வற்றிவிடும். போகும்போது அன்றைய மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். காப்பகப் பூனைகளுக்குப் புழுவோ ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியோ இருப்பது அபூர்வமல்ல; அப்படியானால் எந்த உணவை மாற்றியும் பயனில்லை. புழு மருந்து கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்பது காப்பகம் தந்த தாளில் இருக்கும். அதையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.