மின்வெட்டு, எரிபொருள், வைத்தியம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 2022ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்திலும் பெரிய வைத்தியசாலைகளில் மின்பிறப்பாக்கிகள் இயங்கின. அப்படியிருக்க, இலங்கையில் சிகிச்சை ஏன் அவ்வளவு பாதிக்கப்பட்டது? (வவுனியா வாசகர்)

பதில்: மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்ட அந்த மார்ச் மாத இறுதியில், பேராதனைப் போதனா வைத்தியசாலையில் முன்கூட்டியே நாள் குறிக்கப்பட்டிருந்த சத்திரசிகிச்சைகள் மருந்துத் தட்டுப்பாட்டினால் நிறுத்தப்பட்டன. எரிபொருளும் மருந்துகளில் பெரும்பகுதியும் வெளிநாட்டிலிருந்தே வருவதால், அந்நியச் செலாவணி தீர்ந்தபோது இரண்டும் ஒருங்கே அருகின.

இதைவிடக் குறைவாகப் பேசப்பட்டது போக்குவரத்து. ஜூன் இறுதியிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தபோது சுகாதாரத் துறையும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆயினும், பட்டியலில் இடம் கிடைப்பதும் வண்டியில் பெற்றோல் இருப்பதும் வெவ்வேறு என்பதை, இரவுக் கடமை முடிந்த கையோடு எரிபொருள் வரிசையில் போய் நின்ற தாதியர் நன்கறிவார்கள். வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும், மாதாந்தக் கிளினிக்குக்கு முச்சக்கர வண்டியை நம்பியிருக்கும் முதியவருக்கும் வைத்தியசாலையின் மின்பிறப்பாக்கியால் எந்தப் பயனும் இல்லை. எரிசக்தித் தட்டுப்பாட்டின் முதல் அடி வைத்தியசாலைக்கும் நோயாளியின் வீட்டுக்கும் இடையிலுள்ள பாதையில்தான் விழுகிறது என்பது என் உறுதியான கருத்து. இனியொரு பங்கீட்டுத் திட்டம் வகுக்கப்படுமானால், அம்புலன்சுக்கு அடுத்த வரியில் குடும்பநல உத்தியோகத்தரின் ஸ்கூட்டர் எழுதப்பட வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு வீட்டில் ஒட்சிசன் செறிவாக்கி பயன்படுத்துகிறோம். மின்கட்டணம் தாங்க முடியவில்லை. பாவிக்கும் நேரத்தைக் குறைக்கலாமா? (மட்டக்களப்பு வாசகி)

பதில்: நீங்களாகக் குறைக்க வேண்டாம். நாட்பட்ட நுரையீரல் நோயினால் குருதியில் ஒட்சிசன் குறைந்தவர்களுக்கு, நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணித்தியாலம் கொடுத்தால்தான் இந்தச் சிகிச்சையின் முழுப் பயன் கிடைக்கும். எவ்வளவு நேரம், நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்பதை வைத்தியரே மீண்டும் அளந்து பார்த்துத் தீர்மானிக்கட்டும்.

உங்கள் சுமையை நான் உணர்கிறேன். 350 வாற்று அளவிலான கருவி 15 மணித்தியாலம் இயங்கினால், மாதத்துக்கு ஏறத்தாழ 157 அலகுகள் ஆகும். குளிர்சாதனப்பெட்டியும் மின்விசிறியும் சேர்ந்தவுடன் வீடு 180 அலகைத் தாண்டி, கட்டணப் படிகளில் மிக உயர்ந்ததற்குப் போய்விடும். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கூட்டப்பட்டது. பின்னர் குறைப்புகள் வந்தபோதும், மூச்சுக்காக மின்சாரம் பாவிப்பவரையும் வசதிக்காகப் பாவிப்பவரையும் ஒரே படியில் நிறுத்தும் கணக்கு நியாயமானதல்ல. வீட்டிலுள்ள உயிர்காப்புக் கருவிகளின் அலகுகள் தனியாகக் கணக்கிடப்பட வேண்டும்.

மின்வெட்டுக்கென ஒரு சிறிய ஒட்சிசன் சிலிண்டரை ஆயத்தமாக வைத்திருங்கள். மிக முக்கியமான ஒன்று: ஒட்சிசன் ஓடும் அறைக்குள் மெழுகுதிரியோ மண்ணெண்ணெய் விளக்கோ கொண்டுவரவே கூடாது, மின்கல விளக்கு மட்டுமே பாதுகாப்பானது.

கேள்வி: பல மணித்தியாலம் மின்சாரம் இல்லாவிட்டால் இன்சுலின் கெட்டுவிடுமா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: உடனே கெடாது. திறக்காத குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். பாவனையிலுள்ள குப்பி, 25 முதல் 30 பாகைக்கு மேற்படாத இடத்தில் பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். உங்கள் மருந்துக்குரிய எல்லையை உறையில் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் நின்றதும் குளிர்சாதனப்பெட்டியைத் திறக்காமல் விடுவதே முதல் வேலை. வெயில் கடுமையான நாட்களில், இரண்டு மட்பானைகளுக்கு நடுவே ஈரமணல் நிரப்பி, உட்பானையில் குப்பியை நீர்படாமல் வைக்கலாம். ஐஸ்கட்டியின் மீது நேரடியாக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயனற்றது. தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கினாலோ, காரணமின்றிச் சீனி அளவு ஏறினாலோ, வேறு குப்பிக்கு மாறி வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மின்வெட்டுக் காலத்தில் போட்ட தடுப்பூசியைத் திரும்பப் போட வேண்டுமா? (திருகோணமலை வாசகி)

பதில்: அச்சத்தினால் மட்டும் போடத் தேவையில்லை. தடுப்பூசிக்கென அமைந்த பனிச்சுவர்க் குளிரூட்டிகள் மின்சாரமின்றியும் நீண்ட நேரம் குளிரைத் தக்கவைக்கும். அவற்றின் வெப்பநிலை நாளுக்கு இருமுறை பதியப்படும். ஐயமிருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அந்நாளின் பதிவைக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் பிரதேச வைத்தியசாலைக் கூரையில் சோலார் பனல் பொருத்த ஊரவர் பணம் சேர்க்கிறோம். இனி மின்வெட்டுக் கவலை இல்லைதானே? (கிளிநொச்சி வாசகர்)

பதில்: கவலை தீர்வது நீங்கள் எந்தத் தொகுதியை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மின்வலையமைப்புடன் இணைந்து கட்டணத்தைக் குறைக்கும் சாதாரணத் தொகுதி, மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. மின்வெட்டிலும் இயங்க மின்கலமும் அதற்குரிய இன்வேர்ட்டரும் வேண்டும். எல்லாவற்றையும் அதில் இணைக்க முயலாதீர்கள். கிருமிநீக்கி போன்ற வெப்பக் கருவிகள் மின்கலத்தை விரைவில் வடித்துவிடும். அவற்றை மின்பிறப்பாக்கிக்கு விட்டு, பிரசவ அறை விளக்கு, சளி உறிஞ்சும் கருவி, தடுப்பூசிக் குளிரூட்டி, ஆய்வுகூடம் ஆகியவற்றுக்குத் தனி இணைப்புப் போடச் சொல்லுங்கள். இறுதிக் கொடுப்பனவைச் செலுத்துமுன், பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் பிரதான ஆளியை நிறுத்தி, அவை தொடர்ந்து இயங்குகின்றனவா என்று வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவினர் நேரில் பார்க்கட்டும்.