கூடைப்பந்தில், எதிரணி திரும்பி நிற்பதற்குள் பாய்ந்து தாக்கும் ஃபாஸ்ட் பிரேக்கில் கூடை விழாவிட்டால் என் அணி அப்படியே நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

இரண்டு ஆண்டுகள் இதே தொல்லையில் கிடந்தவன் நான். தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். பையன்கள் பறந்து போவார்கள். கூடையடியில் எதிரணி மறித்ததும், பந்து வைத்திருப்பவன் நின்று என் முகத்தைப் பார்ப்பான். நான் வெளியிலிருந்து ஏதாவது ஒரு ஆட்டத் திட்டத்தின் எண்ணைக் கத்துவேன். அதற்குள் எதிரணியின் ஐந்து பேரும் அவரவர் ஆளைப் பிடித்திருப்பார்கள்.

ஒரு தாக்குதலுக்கு 24 விநாடி. அதில் 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். நின்று, பார்த்து, இடம் பிடிப்பதற்குள் இன்னும் ஐந்தாறு போய்விடும். பிறகு அவசரமாக ஒரு வீச்சு, அவ்வளவுதான்.

ஓடி முடிகிற இடத்திலிருந்தே அடுத்த ஆட்டம் தொடங்கட்டும் என்று மாற்றினேன். விங் ஆட்டக்காரர்கள் (ஓரங்களில் ஆடுபவர்கள்) இருவரும் பக்கக்கோட்டை ஒட்டி ஓடி மூலைகளுக்குப் போவார்கள். உயரமானவர்களில் முந்துபவன் கூடையடிக்கு. பந்து வராவிட்டால் 3 விநாடிக்குள் அங்கிருந்து விலகிவிட வேண்டும். ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பிவரும் பந்து) எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடைசியாக வருகிறானே, அவனை நம்பித்தான் மற்றதெல்லாம். பந்துக்காரன் மூன்று புள்ளிக் கோட்டை நெருங்கும்போதே அவன் வந்து காலூன்றி ஸ்கிரீன் போடுவான், அதாவது பந்துக்காரனின் காவலனை உடலால் மறித்து நிற்பான். (நகர்ந்துகொண்டே போட்டால் ஃபவுல். எங்கள் பையன்களுக்கு இது புரியவே ஒரு மாதம் ஆயிற்று.) அவனுடைய காவலன் கூடையைக் காக்க உள்ளே போயிருந்தால் ஸ்கிரீனே வேண்டாம். பந்தை அவனிடம் கொடுத்து, அவன் வழியாக மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். பின்னோக்கி ஓடிவந்த காவலர்கள் மூச்சு வாங்கும்போதே இன்னொரு முறை திரும்ப வேண்டியிருக்கும். எங்களுக்கு எளிய கூடைகள் கிடைப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

முதலில் எதிராளிகள் இல்லாமல் ஐந்து பேரை ஓடவிடுங்கள். பிறகு மூன்று காவலர்களை முன்னே நிறுத்தி, மீதி இருவரைப் பின்கோட்டிலிருந்து தாமதமாகத் துரத்தவிடுங்கள். எங்களிடம் விநாடிக் கடிகாரம் கிடையாது. வெளியே இருக்கும் பையன்கள் உரக்க எண்ணுவார்கள். குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டல்லவா, சிமெண்ட் தளம் வழுக்கும் நாட்களில் வராந்தாவில் ஐந்து குரும்பைகளை வைத்து நகர்த்திக் காட்டுவேன்.

இதிலெல்லாம் எனக்குக் கடினமாக இருந்தது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். இப்போதும் இறுக்கமான ஆட்டத்தில் எவனாவது ஒருவன் திரும்பிப் பார்ப்பான். நான் உடனே தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் குடிக்க ஆரம்பித்துவிடுவேன்.