“இது ஒரு வேலையா சேர்?” என்று கேட்ட அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

போன சனிக்கிழமை மகளோடு வந்தபோது, “டொக்டர், டீச்சர் என்றால் எனக்கு விளங்கும். கணினியில் நீர்ச்சுழி படிக்கப் போகிறேன் என்கிறாளே, இது ஒரு வேலையா சேர்?” என்று கேட்டீர்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாது என்று பட்டது.

சென் கிளேயர் நீர்வீழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்தபின் நீர் குறைந்துவிட்டாலும், விழும் இடத்தில் இன்றும் சுழிகள் உண்டு. பெரிய சுழி உடைந்து சிறியதாகிறது, அது இன்னும் சிறியதாகிறது. கடைசியில் மில்லிமீற்றரிலும் சிறிய அளவில் நீரின் பிசுக்குமை, அதாவது நீர் தன்னோடு தானே உரசும் தன்மை, அதைத் தேய்த்து வெப்பமாக்கிவிடுகிறது. இதைக் கணினியில் கணிக்க, நீர் ஓடும் இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் 8 மடங்கு. நேரத்தையும் பாதிப் பாதியாக நறுக்க வேண்டும் என்பதால் வேலை 16 மடங்கு. எல்லாச் சுழியும் பிடிபடும்வரை நறுக்கிக்கொண்டே போனால், உலகின் பெரிய கணினிக்கும் ஓர் ஆற்றை முழுதாகக் கணிக்க முடியாது.

அதனால் பெரிய சுழிகளை மட்டும் நேரடியாகக் கணிப்பார்கள். கட்டத்துக்குள் அடங்கிப்போன சிறிய சுழிகள் பெரியவற்றிடமிருந்து எவ்வளவு சக்தியை உறிஞ்சும் என்பதற்கு ஒரு சூத்திரம் வைப்பார்கள். 1963இல் ஸ்மகோரின்ஸ்கி என்ற அமெரிக்க வானிலை விஞ்ஞானி கொடுத்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் வரும் மாறிலி எல்லா இடத்துக்கும் ஒன்றாகப் பொருந்தாது, சுவரை ஒட்டி ஓடும் நீரில் தவறான விடை தரும். கணிக்கும் நீரோட்டத்திலிருந்தே அந்த மாறிலியைக் கண்டுகொள்ளும் வழியை 1991இல் ஜெர்மானோவும் கூட இருந்தவர்களும் காட்டினார்கள். சுவர்ப் பக்கச் சிக்கல் இன்னும் முழுதாகத் தீரவில்லை. மகளை இழுப்பது இதுதான். விளையாட்டாகச் சொல்லவில்லை அம்மா, அவள் கேட்ட கேள்விகளிலேயே அது தெரிந்தது.

வேலைக்கு வருவோம். “நீர்ச்சுழி கணிப்பவர்” என்ற பெயரில் இலங்கையில் பதவி விளம்பரம் தேடினால் அரிதாகத்தான் கிடைக்கும். ஆனால் அணைக்கட்டு, நீர்மின்சுரங்கம், காற்றாலை, வானிலை, விமானம் எல்லாவற்றுக்கும் இந்தக் கணிப்புத் தேவை. தேயிலை ஃபக்டரியில் கொழுந்து வாட்டும்போது விசிறிக்காற்று எல்லா இலைக்கும் சமமாகப் போகிறதா என்பதும் இதே கணக்குத்தான். அவள் அப்பா அங்கே வேலை செய்வதாகச் சொன்னீர்கள், அவரிடம் கேளுங்கள்.

பெயரைத் தேடி அலையாதீர்கள், அடித்தளம் கட்டட்டும். முதல் பட்டம் பேராதனையிலோ மொரட்டுவையிலோ சிவில் அல்லது இயந்திரப் பொறியியல். அது கிடைக்காவிட்டால் விஞ்ஞான பீடத்தில் கணிதமும் பௌதிகவியலும். அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குக் கட்டணம் இல்லை. நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று என்பதால் அதற்கான 5 வீத ஒதுக்கீட்டிலும் அவளுக்குப் போட்டியிட இடமுண்டு. இந்தத் துறைக்குள் ஆழமாகப் போவது பட்டமேற்படிப்பில்தான். வெளிநாட்டில் அதைச் சம்பளத்தோடு படிக்கும் வழிகள் உண்டு, அதற்காக வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை.

எனக்குக் கவலை இங்கிலிஷ் பற்றித்தான். உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை பொறியியல் பீடத்தில் முதல் நாளே இங்கிலிஷ் விரிவுரையில் உட்கார வேண்டும். புத்திசாலிப் பிள்ளைகள் முதல் வருடத்தில் அதில் திணறிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். இப்போதே தினமும் அரை மணிநேரம் இங்கிலிஷில் பௌதிகவியல் வாசிக்கட்டும். இணைந்த கணிதத்தில் வகையீடும் காவிகளும் கை பழக வேண்டும். இரசாயனவியலைக் கைவிடக்கூடாது, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளிக்கு மூன்று பாடமும் வேண்டும். அப்புறம், பாடசாலைக் கணினி அறையில் பைத்தன் என்ற நிரல்மொழியைப் பழகட்டும். ஒரு கம்பியின் ஒரு முனையைச் சூடாக்கினால் வெப்பம் எப்படிப் பரவும் என்று கட்டம் போட்டுக் கணிக்கும் சின்ன நிரல் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். நாற்பது ஐம்பது வரிதான் வரும்.

தவணைப் பரீட்சை முடிந்ததும் புள்ளி அறிக்கையையும் அந்த நிரலையும் எடுத்துக்கொண்டு வரட்டும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு ஆட்கள் குறைவு, அப்பாவையும் கூட்டிவரலாம்.